நாற்பத்தோரு ஸ்டவ்களைத் தேடிய ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பெரிய கடை பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற ஆள் எழுத உட்கார்ந்தால் சின்னக் கடைதான் கடை, இப்போதெல்லாம் என்ன வியாபாரம் என்று மூக்கைச் சிந்துவான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் அந்த ரகம் இல்லை. மூன்று மாடிக் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வெளியே ஐம்பது பேர் நின்றால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்பதைப் போல ஒரு சந்தோஷம் இந்தத் தொழிலில் வேறு கிடையாது.

நம் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண், போன வாரம் நான் கடைக்கு வந்திருந்தபோது என்னைக் கேட்டாள். "சார், நம்மளை மாதிரி தள்ளுபடிக் கடையில வாங்குறது ஜனங்களுக்கு நல்லதா, கெட்டதா?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது மழுப்பக்கூடிய கேள்வி இல்லை என்று உறைத்தது. அதற்குப் பதிலாக ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்கள் கடை திறந்தது. பாத்திரப் பிரிவு என் பொறுப்பு. வாங்குவதும் நான், விற்பதும் நான். அந்த முதல் மாதங்களை நினைத்தால் இப்போதும் உற்சாகமாக இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள், கோயிலுக்குள் வருகிற மாதிரி. "போட்டுக்கிட்டே வாங்க" என்று சொல்வதற்கென்றே வாசலில் ஒரு ஆளை நிறுத்தியிருந்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இட்லிக் கொப்பரையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் காட்டி, "இதில் எழுதியிருப்பது முடிவா, பேச்சுக்கு இடமுண்டா?" என்று சுத்தத் தமிழில் கேட்டார். இடமில்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. பேரம் பேசத் தெரியாத மனிதர், பாவம், அத்தனை வருஷமும் எல்லாக் கடையிலும் ஏமாந்துகொண்டே இருந்திருக்கிறார்.

அப்போது கேஸ் இணைப்பு எல்லார் வீட்டிலும் கிடையாது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விறகடுப்பை விட்டால் மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ். கையில் கொஞ்சம் காசு புழங்குகிறவர்கள் வீட்டில் பித்தளை டாங்கு வைத்த பம்ப் ஸ்டவ். காற்றடித்துப் பற்றவைத்தால் நீலமாக, உஸ்ஸென்று எரியும். அது ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் தெருவே வந்து பார்க்கும். அந்த ஆடித் தள்ளுபடிக்கு நான் தேர்ந்தெடுத்தது அந்த ஸ்டவ்வைத்தான்.

தயாரிப்பாளர் வெளியூர்க்காரர். அவரை எதிரே உட்கார வைத்து மூன்று தடவை விலையை அடித்தேன். மூன்றாவது தடவை அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ஒருவரும் தர முடியாத விலை. எதைக் குறைத்து அந்த விலைக்குத் தருகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் கேட்கவில்லை. என் வேலையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு இதுதான். மற்றதெல்லாம் இதன் பின்னால் வந்தது.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நாற்பத்தொன்று விற்றது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, வாசலில் சலசலப்பு. டவுனில் ரத வீதிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணாச்சி கையில் ஒரு சாக்குப் பையோடு நிற்கிறார். எங்கள் கடை வந்ததிலிருந்து அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். "சண்டைக்கு வந்திருக்காரு" என்று எங்கள் விற்பனைப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு பம்ப் ஸ்டவ்வை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாங்கள் விற்கும் அதே ஸ்டவ்தான். டாங்கின் ஒரு பக்கம் முழுக்கக் கரி.

"இதுல எத்தனை வித்துருக்கீரு?"

"ஏன் அண்ணாச்சி?"

"மொதல்ல எண்ணிக்கையச் சொல்லும்வே."

"நாப்பத்தொண்ணு."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒமக்கு லோடு எறக்குன லாரியில எனக்கும் பன்னெண்டு எறக்குனான். நான் ஆறு வித்தேன். நேத்து எங்க வீட்டுல ஒண்ண எடுத்து ஆட்டுக்கால் வேக வச்சா. அரை மணி நேரம் நல்லாத்தான் எரிஞ்சுது. பொறவு டாங்கு மூட்டுல எண்ணெ வேர்க்க ஆரம்பிச்சுட்டு. வேர்த்து, ஒரு பக்கமா பீச்சித் தீப்பிடிச்சுட்டு. அவ தண்ணி கோர வெளிய போயிருந்தா. அதனால பொழச்சா."

ஸ்டவ்வைத் திருப்பிப் பார்த்தேன். டாங்கின் இரண்டு தகடும் சேரும் இடத்தில் ஈயப் பற்று கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசாக ஓடியிருந்தது. நான் விலையைக் குறைத்தேன், தயாரிப்பாளர் ஈயத்தைக் குறைத்திருக்கிறார்.

"நீங்க வித்த ஆறும்?"

"நேத்தே போய் ஆறையும் வாங்கிட்டு வந்துட்டேன். வாங்குனவங்க வீடு எனக்குத் தெரியும்லா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒமக்கு?"

எனக்குத் தெரியாது. பில் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்டவ் ஒன்று, ஸ்டவ் ஒன்று, ஸ்டவ் ஒன்று. எவர் வாங்கினார், எந்த ஊர், ஒன்றும் கிடையாது. நாற்பத்தோரு பேர் எங்கள் கடைக்குள் வந்து, என் கண் முன்னால் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு, ஆற்றங்கரை முழுக்கப் பிரிந்து போய்விட்டார்கள். ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை.

"நாளைக்குப் பேப்பர்ல அறிவிப்புக் குடுத்துரலாம்" என்றேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைவே. கறி எடுத்துருப்பாங்க. பேப்பர் வாரதுக்குள்ள கறி வெந்துரும்."

அதுதான் கணக்கு. சாதம் வடிக்க ஸ்டவ் இருபது நிமிஷம் எரிந்தால் போதும், தப்பிக்கலாம். கறி வேக ஒரு மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குமேல் ஊரெல்லாம் அடுப்பில் சட்டி ஏறிவிடும்.

இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியது என் புத்திசாலித்தனம் இல்லை. நம் ஊர்ப் பழக்கம். பாத்திரம் வாங்கினால் அதில் பேர் வெட்டாமல் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் இரவல் போகும் பாத்திரம் திரும்பி வர வேண்டுமே. பேர் மட்டும் போதாது. ஒரே பேரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்று ஊரையோ தெருவையோ சேர்த்து வெட்டச் சொல்வார்கள். எங்கள் கடையில் வெளியே போகும் வழியில் சுடலைமுத்து ஒரு சின்ன மெஷினோடு உட்கார்ந்திருப்பார். ஆடிக்குப் பேர் வெட்டுவது இலவசம். இலவசத்தை யார் விடுவார்கள், ஸ்டவ் டாங்கில்கூட வெட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் பாத்திரம் மாறிவிடக் கூடாதென்று விற்பனைப் பெண்கள் ஒரு துண்டுச் சீட்டில் பேரையும் ஊரையும் சாமானையும் எழுதிக் கொடுப்பார்கள். சுடலைமுத்து வெட்டி முடித்த சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பார்.

அன்று காலை அவர் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அந்தக் கம்பி எங்கே என்பதுதான்.

"நெறஞ்சுட்டுன்னு பழையத எல்லாம் குப்பையில போடணும்னு இருந்தேன் சார்" என்றார். இன்னும் போடவில்லை. சோம்பேறித்தனம் எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தரையில் கொட்டி, அண்ணாச்சியும் நானும் ஆறு பெண்களும் முழங்காலிட்டுப் பொறுக்கினோம். குடம், தூக்குவாளி, தாம்பாளம் எல்லாம் ஒதுக்கி, ஸ்டவ் என்று எழுதியிருந்ததை மட்டும் எண்ணினால் நாற்பத்தொன்று. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

இருபத்திரண்டு டவுனிலும் பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும். ஆறு கிழக்கே, சீவலப்பேரி ஸ்ரீவைகுண்டம் பக்கம். பன்னிரண்டு மேற்கே, கல்லூரிலிருந்து அம்பாசமுத்திரம் வரை. ஒன்றில் மட்டும் ஊர் இல்லை. வெறுமனே "பேச்சியம்மாள்" என்று இருந்தது.

இனி முதலாளியைக் கேட்க வேண்டும். அவர் பத்து மணிக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "தள்ளுபடி தொடங்கி மூணாவது நாள். நம்ம சாமான் சரியில்லைன்னு நாமளே மைக் வச்சுச் சொல்லணுமா? ஒரு அண்ணாச்சி கொண்டாந்த ஒரு ஸ்டவ்வப் பாத்து நாப்பத்தொண்ணும் அப்படித்தான்னு எப்படிச் சொல்லுதீரு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவரைத் திட்டிக்கொண்டு நான் இதை எழுதவில்லை. ஆனால் வாதாட நேரமில்லை. ஒரு புது ஸ்டவ்வை எடுத்துச் சரக்கு வைக்கும் கிட்டங்கி முற்றத்தில் வைத்து, ஒரு குண்டா தண்ணீரை ஏற்றிப் பற்றவைத்தேன். "அரை மணி நேரம் இங்கனயே நில்லுங்க முதலாளி" என்றேன். அவர் நின்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவர் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே டவுனுக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் பெண்களையும் ஆட்களையும் ஆட்டோவிலும் டெம்போவிலும் அனுப்பிவிட்டேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, "என்ன சண்டை போட்டாலும் சரி, ஸ்டவ்வ வாங்கிட்டு வாங்க, பதிலுக்கு என்ன வேணும்னாலும் தாரோம்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். உத்தரவு வருவதற்கு முன்னால் வேலை நடந்திருக்க வேண்டிய நேரங்கள் உங்களுக்கும் வரும். தப்பாகப் போனால் வேலை போகும். அதையும் யோசித்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

இருபத்தாறாவது நிமிஷம். டாங்கு மூட்டில் முத்து முத்தாக வேர்த்தது. முதலாளி குனிந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் ஒரு மூலையில் எண்ணெய் நூல் மாதிரி பீச்சி, அதில் தீ பிடித்து ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவர் இரண்டு அடி பின்னால் துள்ளினார். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம்.

"வேன எடுங்க" என்றார். "கத்திக்கிட்டே போங்க. கடைப் பேரச் சொல்லியே கத்துங்க."

எங்கள் விளம்பர வேன் அது. மேலே இரண்டு ஒலிபெருக்கி. முன்னால் டிரைவரும் அறிவிப்பாளர் பாண்டியும். பின்னால் நான், சீட்டுகளோடு சுடலைமுத்து. கதவைச் சாத்தப் போகும்போது அண்ணாச்சியும் ஏறி உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"மேக்க ஊர்ப் பேரு மட்டும்தான் ஒம்ம சீட்டுல இருக்கு. வீடு எனக்குத் தெரியும். ஓட்டச் சொல்லும்."

பேட்டை தாண்டியதும் வேன் பறந்தது. வழியில் ஆறு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் ஒரு பக்கம். ஒளிப்பானேன், ஒரு குதூகலமும் இருந்தது. அத்தனை நாளும் சாமான் வெளியே போவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது எங்கே போய் உட்கார்கிறது என்று பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

கல்லூரில் இரண்டு. இரண்டையும் இன்னும் பற்றவைக்கவே இல்லை. ரேஷன் எண்ணெய் வரவில்லையாம். பத்தமடையில் ஒரு வேடிக்கை. பாண்டிக்கு மைக்கைப் பிடித்தால் ஒரே பாட்டுத்தான் வரும். "வாருங்கள் வாருங்கள், அள்ளிச் செல்லுங்கள்" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டான். நான் அவன் தோளைத் தட்டப் போனேன். அதற்குள் தெருவில் இருந்த அத்தனை வீட்டுப் பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள். தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். "அப்படியே சொல்லு, கூட்டம் சேந்த பொறவு விஷயத்தைச் சொல்லு" என்றேன். அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆபத்து என்று கத்தினால் கதவைச் சாத்துவார்கள். தள்ளுபடி என்றால் ஓடி வருவார்கள். நம் தொழிலின் பலம் அது. நல்லதுக்கும் ஒரு நாள் உதவியது.

சேரன்மகாதேவியில் மூன்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு வீரவநல்லூர் போனபோது மணி பதினொன்றரை. அங்கே ஒரு வீட்டில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் கறி கொதிக்கிறது. நான் உள்ளே பாய்ந்து காற்றுத் திருகைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று அணைந்தது. டாங்கைத் தொட்டால் மூட்டு ஈரம்.

அந்த அம்மாள் கையில் கரண்டியோடு என்னை மறித்தாள். "யாருய்யா நீ? பாதி வெந்த கறிய என்ன செய்ய? மருமகன் முத மொறையா சாப்புட வந்துருக்காரு."

அண்ணாச்சி சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். "தாயி, ஒங்க அடுப்புல எடம் இருக்கா?" விறகடுப்பில் சட்டி ஏறிவிட்டது. மருமகன் சங்கடமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். பன்னிரண்டும் கிடைத்துவிட்டன. அம்பாசமுத்திரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் பேசினேன். டவுனில் இருபத்திரண்டும் வந்துவிட்டன. கிழக்கே ஆறும் கையில். நாற்பது. பூத்துக்காரர் சில்லறையைக் கொடுக்கும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மீதி ஒரு சீட்டு. பேச்சியம்மாள்.

"சுடலைமுத்து, யோசிச்சுப் பாரும். ஏதாவது நெனவு இருக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஊரும் சேத்து வெட்டட்டான்னு கேட்டேன் சார். 'வேண்டாம், இத நான் யாருக்கும் இரவல் குடுக்கப் போறதில்ல'ன்னு சொன்னா. வீட்டுக்காரர் பேரு போடட்டான்னு கேட்டேன். 'என் பேரு மட்டும் போடுங்க, நான் சுத்துன காசு'ன்னா." கண்ணைத் திறந்தார். "நகமெல்லாம் புகையிலக் கறை. பீடி சுத்துத பிள்ளை சார். முக்கூடல் பஸ் போயிருமேன்னு அவசரப்படுத்துனா."

முக்கூடல். வடகரையோடு கிழக்கே திரும்பிப் போக வேண்டும். மணி பன்னிரண்டரை. டிரைவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வண்டியைத் திருப்பிவிட்டார்.

முக்கூடல் தெருக்களில் பாண்டி தொண்டை கிழியக் கத்தினான். பீடிக் கடை வாசலில் ஒருவர் கையை நீட்டிச் சொன்னார். "பேச்சியா? கடைசித் தெரு, வேப்ப மரத்துக்கு எதுத்த ஓட்டு வீடு. இன்னைக்குப் புது ஸ்டவ்வுல கறி வைக்கேன்னு சொல்லிக்கிட்டுப் போனா."

தெருமுனையில் இறங்கி ஓடினோம். உஸ் என்ற சத்தம் வாசலிலேயே கேட்டது. உள்ளே ஒரே அறை. ஒரு மூலையில் அவள் சொளகு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இலைக்கட்டு. இரண்டடி தள்ளி ஸ்டவ். டாங்கு பளபளவென்று நனைந்திருந்தது. அது துடைத்த பளபளப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எந்திரிம்மா" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் வீட்டுக்குள் புகுந்தால் எவள் எழுந்திருப்பாள்? அண்ணாச்சி அவளைத் தாண்டிப் போய் காற்றுத் திருகைப் பிடித்தார். அவர் திருகவும் மூட்டு பீச்சவும் சரியாக இருந்தது. தீ அவர் முழங்கை வரை ஏறியது. அவர் கையை எடுக்கவில்லை. முழுக்கத் திருகிவிட்டுத்தான் எடுத்தார். வாசலில் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஸ்டவ்மேல் போட்டு அமுக்கினேன். அணைந்தது. மேலே இருந்த சட்டி கவிழ்ந்து குழம்பு என் காலெல்லாம் வழிந்தது.

பேச்சியம்மாள் சொளகோடு சுவரில் ஒட்டி நின்றாள். முப்பது வயது இருக்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் சாக்கைத் தூக்கி டாங்கைப் பார்த்தாள். நீள வெடிப்பு, அதற்குக் கொஞ்சம் மேலே அவள் பேர். பிறகு அண்ணாச்சியின் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ரத வீதிக் கடை அண்ணாச்சிதான?"

"ஆமா தாயி." அவருக்கு முகம் மலர்ந்தது. "நீ நம்ம கடைக்கு வந்துருக்கியோ?"

"மொதல்ல ஒங்க கடைக்குத்தான் வந்தேன். ஸ்டவ் மேலடுக்குல இருந்துச்சு. எடுத்துக் காட்டுங்கன்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'அது வெல கூட உள்ளது, ஒனக்குத் திரி ஸ்டவ் போதும்'னு சொன்னீங்க. நான் நின்னேன். பொறவு வந்த ஆளுக்கு எறக்கிக் காட்டுனீங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். "ஒன் நல்லதுக்குத்தான் தாயி..." என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவருக்கு அது நினைவில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நினைவில் வைத்துக்கொள்ளும்படி அதில் அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இவங்க கடையில என்னைய யாரும் பாக்கல. நானே எடுத்தேன், நானே பம்ப் அடிச்சுப் பாத்தேன், திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஏன் நிக்கன்னு ஒருத்தரும் கேக்கல. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார் எனக்கு."

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. பெருமையா, அவமானமா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்கள் கடை அவளுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறது. வேறு எந்தக் கடையும் கொடுக்கவில்லை. அதே கடைதான் அவளை இந்த வெடிப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. யாரும் அவளைப் பார்க்காததால்தான் அவளுக்கு எங்களைப் பிடித்தது. யாரும் பார்க்காததால்தான் அவளைத் தேடி இவ்வளவு தூரம் ஓடி வர வேண்டியிருந்தது.

"கடையில இருக்கதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோம்மா. வேற கம்பெனி ஸ்டவ், நல்லது, நானே எரிச்சுப் பாத்துத் தாரேன்" என்றேன்.

அண்ணாச்சி துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு சொன்னார். "நம்ம கடைக்கும் வா தாயி. எறக்கிக் காட்டுதேன்."

"காட்டுவீங்க அண்ணாச்சி" என்றாள் அவள், சிரிக்காமல். "இப்பம் என் பேரு தெரியும்லா."

வேனில் நாற்பத்தோராவது ஸ்டவ்வை ஏற்றினோம். பாண்டியும் சுடலைமுத்தும் முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் அவர்களோடு சேர்ந்து கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. நாற்பத்தொன்று, ஒரு உயிர்கூடப் போகவில்லை. இத்தனை வருஷ வேலையில் அவ்வளவு நல்ல நாள் எனக்கு வேறு கிடையாது. ஆனால் எதிரே அண்ணாச்சி துண்டு சுற்றிய கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பேட்டை வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "ஒம்ம கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேருவே வருவாங்க?"

"ஆடியில ஆயிரத்துக்கு மேல இருக்கும் அண்ணாச்சி."

"ஒருத்தர் பேரும் ஒமக்குத் தெரியாது."

"தெரியாது."

"எனக்கு எல்லார் பேரும் தெரியும்னு நெனச்சுக்கிட்டுதான் காலையில ஒம்ம படி ஏறினேன்" என்றார். ரத வீதி முனையில் வேனை நிறுத்தச் சொல்லி, மெல்ல இறங்கினார்.